துப்பாக்கியை விட்டான், தோட்டத்துக்குப் போனான். அதில் என்ன கெட்டுவிட்டது?

 கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு மணி அடித்து நிறுத்த ஆள் கிடையாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் என் தங்கை மகனைப் பற்றி எழுதினார். "இருபது வயசுல துப்பாக்கி கேம், முப்பதுல கிரிக்கெட் கேம், இப்ப நாப்பதை நெருங்கையில தோட்டம் போடுற கேம். வயசு ஏற ஏறப் புத்தி இறங்குது." 14 பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். அவன் ஒன்றும் பதில் சொல்லவில்லை, குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். எழுதியவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் இதை வாசிப்பார், வாசிக்கட்டும். அவர் சொன்னது தவறு. சிரித்த 14 பேரும் சேர்ந்துதான் தவறு.

ஒருவன் விளையாடும் ஆட்டத்தின் வகை மாறினால் அவனுடைய புத்தி ஏறிவிட்டது, இறங்கிவிட்டது என்று முடிவு கட்டுவது நம் வீடுகளில் பெரிய வழக்கமாகிவிட்டது. சுடும் கேம் ஆடினால் முரடன். பந்தயக் கார் ஓட்டினால் பொறுப்பில்லாதவன். சீட்டு ஆடினால் மட்டும் ஏனோ "மூளைக்கு வேலை". நான் சொல்வது இதுதான்: ஆட்டத்தை மாற்றுவது பெரும்பாலும் அவனுடைய நேரம், பக்கத்தில் இருக்கும் ஆள், கையில் இருக்கும் கருவி, சட்டைப்பையில் இருக்கும் காசு. குணத்தைத் தேடி அங்கே போகாதீர்கள். போனால் ஆபத்தான மாற்றத்தைக் கோட்டைவிட்டு, ஒன்றுமில்லாததைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். அதுதான் நம்மைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறது.

கரிசல்காட்டில் பிறந்த நமக்கு இது தெரியாத விஷயமா? எங்கள் சின்ன வயதில் ஆட்டத்துக்குப் பருவம் உண்டு. ஆடிக்காற்று வீசினால் பட்டம். மழை விட்டுத் தரை இறுகினால் பம்பரம், கோலி. மாசி, பங்குனியில் வெள்ளாமை வீடு வந்து காடு வெறுங்காடாகக் கிடந்தால் கிட்டிப்புள். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுத்ததில்லை. நேற்றுவரை டவுசர் பையில் கோலி வைத்திருந்த பயல் இன்றைக்குப் பம்பரக் கயிற்றோடு நிற்பான். ஈரக் கரிசலில் கோலி உருளாது, பம்பரம் சுற்றாது, செருப்பே கழன்று மண்ணோடு போய்விடும். ஆட்டத்தைத் தீர்மானித்தது மண். அடுத்துத் தீர்மானித்தது உடம்பு. கபடியில் கால் உடைத்துக்கொண்டவர்கள்தான் பின்னாளில் கோயில் திண்ணையில் கட்டம் கீறி ஆடுபுலி ஆட்டத்தில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்குள் இருக்க வேண்டிய நாளில் பல்லாங்குழியும் தாயமும் வந்தன. "கபடி ஆடினவன் இப்போ கல்லை நகர்த்துறான், புத்தி இறங்கிப்போச்சு" என்று அன்றைக்கு ஒருவரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அதே நியாயத்தைக் கொஞ்சம் போனுக்கும் கொடுங்கள்.

என்னிடம் படித்தவர்களின் கதையையே எடுத்துக்கொள்வோம். 90-களில் படித்தவர்களுக்கு டிவியில் மாட்டும் கேம் பெட்டி. தெருவுக்கு ஒரு வீட்டில் இருக்கும். கேசட்டில் 9999 ஆட்டம் என்று அச்சடித்திருக்கும், எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினைந்துதான் தேறும், மற்றதெல்லாம் அதே ஆட்டம் வேறு எண்ணில். (கணக்கு வாத்தியாராக அந்த மோசடி என்னை மிகவும் உறுத்தியது.) கான்ட்ராவும் மாரியோவும் ஆடினார்கள். காரணம் ரசனையா? அந்த வீட்டில் அந்தக் கேசட்தான் இருந்தது, அவ்வளவுதான். கான்ட்ராவை இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம் என்பதால் பெட்டிக்காரன் வீட்டுப் பையனுக்குத் துணையாள் தேவைப்பட்டது, இவன் போனான்.

2000-க்குப் பிறகு படித்தவர்கள் கோவில்பட்டி பிரவுசிங் சென்டர்களில் வளர்ந்தவர்கள். ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு எங்கே போனீர்கள் என்பது எனக்கு அன்றே தெரியும். ரோட் ராஷ், வைஸ் சிட்டி, நாலைந்து கம்ப்யூட்டரை ஒயரில் இணைத்து கவுன்டர் ஸ்ட்ரைக். மணிக்கணக்கில் காசு. ஒரு மணி நேரத்துக்குள் அடித்து முடித்துவிட வேண்டும் என்றால் மெதுவாக யோசித்து ஆடும் ஆட்டத்தை எவன் தேர்ந்தெடுப்பான்? வேகமான ஆட்டம்தான் காசுக்குக் கட்டுப்படியாகும். அதைப் பார்த்து "இந்தத் தலைமுறைக்குப் பொறுமையே இல்லை" என்று ஆசிரியர் அறையிலேயே பேசினார்கள். பொறுமைக்கும் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அப்புறம் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதுவரை அளந்து அளந்து செலவழித்த டேட்டா தண்ணீராய் ஓடியது. 2018-இல் பப்ஜி போனுக்கு வந்தது, நூறு பேர் ஒரே தீவில் குதிக்கிற ஆட்டம் நம் ஊர் வேப்பமரத்தடிக்கும் வந்துவிட்டது. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் அதுவும் ஒன்று. மறுவாரமே பிள்ளைகள் ஃப்ரீ ஃபயருக்கு மாறினார்கள். 2021 ஜூலையில் அதே பப்ஜி பெயரை மாற்றிக்கொண்டு வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்கும் தடை. அந்த ஜூலையில் பெயர் மாறி வந்ததும் கடையிலிருந்து இறக்கப்பட்டது. 2023 மே மாதம் மறுபடி வந்தது. இத்தனை இடமாற்றத்தில் எங்கே இருக்கிறது அந்தப் பையனின் "ரசனை"? டில்லியில் ஓர் உத்தரவு போட்டால் ஓட்டப்பிடாரத்தில் ஆட்டம் மாறுகிறது. கரிசலில் மழை பெய்தால் பம்பரம் மாறியது போலத்தான்.

சரி, என் தங்கை மகனிடம் வருவோம். அவன் சுடும் கேமை விட்டது ஏன் என்று அந்தக் குழுவில் ஒருவராவது கேட்டீர்களா? நான் கேட்டேன். அவன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: "மாமா, அதைப் பாதியில நிறுத்த முடியாது."

எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள். பப்ஜி மாதிரி ஆட்டம் ஒரு சுற்று அரைமணி நேரம்வரை போகும். நடுவில் குழந்தை அழுதால் நிறுத்திவைக்க வழியில்லை, எதிரிலிருப்பவனும் நிஜ மனிதன். இவன் போனைக் கீழே வைத்தால் கூட இருக்கும் மூன்று பேரும் செத்தார்கள். அவர்கள் திட்டும் திட்டைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்க முடியுமா? இரண்டாவது குழந்தை பிறந்த வருடம் விட்டுவிட்டான். இதற்குப் பெயர் பொறுப்பு வருவது என்று நான் நினைத்திருந்தேன். குழுவில் இதற்குப் பெயர் புத்தி இறங்குவது.

இன்னொன்று, கை வேகம். கனடாவில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற போர்த்தந்திர ஆட்டத்தை ஆடும் 3,305 பேர், வயது 16 முதல் 44 வரை. அவர்கள் ஆடிய பதிவுகளை எடுத்து, எதிரே ஒன்று தெரிந்ததும் எவ்வளவு சீக்கிரம் கை அசைகிறது என்று அளந்தார்கள். வேகம் குறையத் தொடங்கும் வயது 24. நாற்பத்திரண்டு இல்லை, இருபத்து நான்கு! வயதில் மூத்தவர்கள் வேறு உத்திகளைக் கையாண்டு அதை ஈடுகட்டினார்கள் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆட்டக்காரர்களிடம் பெரிய அளவில் கருத்துக் கேட்கும் நிக் யீ என்பவரின் குழுவும், வயது ஏறும்போது மற்ற எல்லா ஆசைகளையும் விட அதிகமாகக் குறைவது அடுத்தவனை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசைதான் என்று கண்டது. யோசித்துத் திட்டம் போடும் ஆசை அவ்வளவாகக் குறைவதில்லையாம். நம் திண்ணை ஆடுபுலிக்காரர்களைக் கேட்டிருந்தால் இதைச் செலவில்லாமல் சொல்லியிருப்பார்கள்.

இப்போது அவன் ஆடுவது ஸ்டார்டியூ வேலி என்ற ஆட்டம். எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர் தனியாளாகச் சில வருடங்கள் உட்கார்ந்து செய்து 2016-இல் வெளியிட்டார். படம், இசை, கதை எல்லாம் அவரே. பாழாய்க் கிடக்கும் தாத்தாவின் நிலத்துக்குப் பேரன் திரும்பி வருகிறான். கல்லைப் பொறுக்குகிறான், கட்டையை வெட்டுகிறான், விதைக்கிறான். நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கே ஒரு முழுநாள் சுமார் 14 நிமிடத்தில் முடிகிறது, எந்த நிமிடமும் நிறுத்தலாம். 28 நாளுக்கு ஒரு பருவம், பருவம் மாறினால் அந்தப் பருவத்துச் செடி கருகிவிடும். காக்கைக்குச் சோளக்கொல்லைப் பொம்மைகூட நட வேண்டும். அறுத்ததைப் பெட்டியில் போட்டால் இரவுக்குள் பணம் வந்துவிடுகிறது. கமிஷன் கடை இல்லை, எடையில் கழிவு இல்லை. மக்காச்சோளத்தில் படைப்புழு இல்லை, காட்டுப்பன்றி இல்லை. அவன் அப்பா உளுந்தும் பருத்தியும் போட்டுக் கடனாகி, மிஞ்சிய நிலத்தை விற்றுத்தான் அவனைப் படிக்க வைத்தார் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். சென்னையில் பத்தாவது மாடியில் ராத்திரி பதினொரு மணிக்கு அவன் விதை விதைப்பதைப் பார்த்து உங்களுக்குச் சிரிப்பு வந்தால், அது உங்கள் பாடு.

பெண்களை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை. ஊரடங்கில் எங்கள் வீட்டுப் பெண்கள் லூடோ கிங்கை எவ்வளவு ஆடினார்கள்! அது தாயத்தின் பேரப்பிள்ளைதான். என் மதினி ஒருவர் கேண்டி கிரஷில் ஆயிரத்துச் சொச்சம் கட்டம் தாண்டியவர். அவரை யாரும் கேம் ஆடுகிறவர் என்று சொல்வதில்லை, அவருமே சொல்லிக்கொள்வதில்லை. அடுப்பில் குக்கர் விசில் வருவதற்குள் ஒரு கட்டம் முடிகிறது, அதனால் அந்த ஆட்டம். இதிலும் நேரம்தான் வகையைத் தீர்மானிக்கிறது.

இனி எனக்குக் கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன்.

மேலே சொன்னதெல்லாம் நமக்குத் தெரியாவிட்டாலும் ஒரு கூட்டத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. முப்பத்தைந்து வயதுக்காரனுக்கு நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், விரல் வேகம் குறைந்திருக்கும், கூட ஆடக் கூட்டாளி இருக்கமாட்டான், மாதக் கடைசியில் கையில் காசு இருக்காது. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்து அவனுக்கென்றே ஒரு ஆட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள்: காசு கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மி. ஐந்து நிமிடத்தில் ஒரு கை. வேகம் வேண்டாம். மேஜையில் எப்போதும் ஆள் உண்டு. கடன் அடைந்துவிடும் என்ற நப்பாசையும் உண்டு. அதற்கு மேல், நடிகர்கள் வந்து இது திறமை விளையாட்டு என்று விளம்பரத்தில் பேசினார்கள். சின்னப் பசங்க சுடும் கேம் ஆடுவார்கள், பெரியவர்கள் ரம்மி ஆடுவார்கள் என்று ஆட்டத்தை மாற்றுவதையே ஆள் வளர்ந்த அடையாளமாக்கினார்கள்.

நம் வீடுகளும் அதை அப்படியே நம்பின. என்னிடம் படித்த ஒருவன், ஊரும் தொழிலும் சொல்லமாட்டேன், பப்ஜி ஆடிய காலத்தில் வீட்டில் தினமும் சண்டை. போனிலிருந்து வெடிச்சத்தம், இவன் கத்தல், அப்பா அதைவிடக் கத்தல். பிறகு திடீரென்று வீடு அமைதியானது. "துப்பாக்கியை விட்டுட்டான், இப்ப சத்தமே இல்ல, சும்மா சீட்டுதான்" என்று அவன் அம்மா என்னிடமே சந்தோஷமாகச் சொன்னார். ரம்மியில் சத்தம் கிடையாது அல்லவா. மனைவியின் நகை அடகுக்குப் போய், போனில் கடன் கொடுக்கும் செயலிகளிலும் வாங்கி, அந்தக் கடன்காரர்கள் உறவினர்களுக்கெல்லாம் அழைத்துப் பேசத் தொடங்கிய பிறகுதான் வீட்டில் தெரிந்தது. சத்தம் போட்ட ஆட்டத்தில் அவன் இழந்தது தூக்கம்.

"திறமை விளையாட்டுதானே, சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1967-இல் ஆந்திர அரசு தொடர்ந்த வழக்கில் உச்சநீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்றது உண்மை. அதே தீர்ப்பில், ஆட்டத்தை நடத்தும் வீட்டுக்காரரோ கிளப்போ அதில் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் இருக்கிறது. விளம்பரக்காரர்கள் முதல் பாதியை மட்டும் படித்துக்காட்டினார்கள்.

கணக்கு வாத்தியாரிடம் வந்தால் கணக்காகவே சொல்கிறேன். ஆறு பேர், ஆளுக்கு 100 ரூபாய். மொத்தம் 600. நடத்துபவர் நூற்றுக்குப் பத்து கமிஷன் எடுக்கிறார் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஜெயித்தவருக்கு 540. ஒரே அளவு திறமையுள்ள ஆறு பேர் ஒரு ராத்திரியில் 20 ஆட்டம் ஆடினால் ஒவ்வொருவரும் கட்டியது 2,000, சராசரியாகத் திரும்பி வருவது 1,800. அந்த ஒரு மேஜையில் நடத்துபவருக்கு 1,200, அவர் ஒரு சீட்டையும் தொடவில்லை. உங்கள் திறமை கூடினால் அடுத்தவன் பங்கு குறையும். நடத்துபவரின் பங்கு குறையாது. எட்டாம் வகுப்பு சதவீதக் கணக்கு இது, நான் நடத்தியதுதான்!

அரசும் நீதிமன்றமும் இதில் பல வருடம் இழுபறியில் இருந்தன. தமிழ்நாட்டில் முதலில் வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு புதிய மசோதா, அதை ஆளுநர் திருப்பியனுப்ப, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில் சட்டமானது. அந்த நவம்பரில் உயர்நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று மாநில ஆணையம் விதி போட்டது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது: திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றுக்கும் தடை. நடத்துபவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. மின்விளையாட்டுப் போட்டிகளும் சாதாரண ஆட்டங்களும் அதில் தனியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கவனியுங்கள், சட்டம்கூடச் சுடும் ஆட்டமா தோட்டம் போடும் ஆட்டமா என்று பார்க்கவில்லை. பந்தயக் காசு உண்டா என்று பார்த்தது. நம் வாட்ஸ்அப் நீதிபதிகளுக்கு அந்தத் தெளிவு வர வேண்டும். சட்டம் வந்தும் லிங்க் அனுப்பும் ஆட்கள் ஓயவில்லை, என் போனுக்கே வருகிறது.

"அப்போ விளையாட்டில் அடிமையாகிறவர்களே இல்லையா சார்?" என்று சிலர் கேட்பீர்கள். உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப்பட்டியலில் அது இருக்கிறது, 2022 ஜனவரி முதல் நடைமுறையில். அதில் எந்த ஆட்டவகையின் பெயரும் கிடையாது. தன்னால் நிறுத்த முடியவில்லை, மற்ற வேலைகளையெல்லாம் அது தள்ளிவிட்டது, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறான், அதனால் வாழ்க்கை சீர்குலைகிறது, இப்படிப் பொதுவாக ஒரு வருடமாவது போகிறது. பார்க்க வேண்டியது அதைத்தான். சாதுவான பழம் அடுக்கும் ஆட்டத்திலும் அது வரலாம். ஒரு பரீட்சை சமயத்தில் நாலு நாள் பப்ஜி ஆடிய பத்தாம் வகுப்புப் பையனை நோயாளி என்று சொல்லிவிடவும் கூடாது. (பத்தாம் வகுப்புப் பையா, நீ இதைக் காட்டித் தப்பிக்கலாம் என்று நினைக்காதே. படி.)

ஆட்டம் என்றாலே சுடுவதும் சூதும்தான் என்று இருப்பவர்களுக்காக ஒன்று. டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2023-இல் "வெண்பா" என்று ஓர் ஆட்டம் வெளியிட்டது. 1988-இல் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம். அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லியும் புட்டும் எந்த வரிசையில் செய்வது என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். மகன் மெல்லத் தமிழை விட்டு விலகிப் போகிறான். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருது, முதல் படைப்புக்கானது, அதற்குக் கிடைத்தது. என் மாணவி ஒருத்தி வெளிநாட்டிலிருந்து வந்தபோது போட்டுக் காட்டினாள். அவளும் ஒரு காலத்தில் அண்ணனோடு கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடியவள்தான். இட்லித் தட்டு வேகும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

இப்போது ஒரு வீட்டுப்பாடம். கீழே பின்னூட்டத்தில் ஒவ்வொருவரும் நான்கு விஷயம் எழுதுங்கள்: பதினைந்து வயதில் என்ன ஆடினீர்கள், இப்போது என்ன ஆடுகிறீர்கள், எந்த நேரத்தில், யாரோடு. பேட்ச் வருடத்தையும் போடுங்கள், நான் அட்டவணை போட்டு அடுத்த வாரம் பதிவிடுகிறேன். காசு ஆட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பொதுவில் எழுத வேண்டாம், உள்பெட்டிக்கு வாருங்கள், வேறு யாருக்கும் தெரியாது. என்னிடம் பேசக் கூச்சமாக இருந்தால் 14416, டெலி மானஸ், மத்திய அரசின் மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். ஏமாற்றிப் பணம் பறித்திருந்தால் 1930. உள்ளூரில் இருப்பவர்கள் நேரிலேயே வரலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.